சாயம் வெளுத்த சட்டை

தலைவர் அவர்களே, அரங்கில் கூடியிருக்கும் சேகரிப்பு நண்பர்களே, வணக்கம்.

அழைப்பிதழில் ‘போர்க்கால நினைவுகள்’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் போர் தெரியாது. துணி தெரியும். முப்பது வருஷம் ஏற்றுமதி ஆடைகளில் தையல் பிழை தேடிச் சம்பளம் வாங்கியவன். அதனால் ஒரே ஒரு சட்டையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். இந்த மேசைமேல் கிடக்கிறதே, இதுதான்.

இதற்கு ‘டெனிசன் ஸ்மாக்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் போட்டுக்கொண்ட உருமறைப்பு மேல்சட்டை. 1940 ஜூனில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், தனக்கு ஐயாயிரம் பேர் கொண்ட பாராசூட் படை வேண்டும் என்று கேட்டார். ஆள் சேர்ந்தார்கள். அவர்கள் எதைப் போட்டுக்கொண்டு குதிப்பது? ஜெர்மானியர்கள் ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சட்டையைப் பார்த்து இங்கிலாந்திலும் ஒன்று தைத்தார்கள். சாம்பல் கலந்த பச்சை நிறம். கால்சட்டை மாதிரி காலை நுழைத்து ஏறிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்து வந்ததுதான் டெனிசன். டெனிசன் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் அது. அவர் வேலை பார்த்த உருமறைப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆலிவர் மெசல், நாடக மேடைக்குக் காட்சி அமைக்கிறவர். ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்க மேடைக் கலைஞரைப் பிடித்தார்களே, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தையலைப் பாருங்கள். ஜிப் பாதி மார்போடு நின்றுவிடுகிறது. தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும். முதல் வகையில் கைமுனை காலுறையின் வாய் மாதிரி கம்பளிப் பின்னல். காற்று உள்ளே போகாது. வெளியே நான்கு பை, மூட டிச் பட்டன். பின்புறம் ஒரு வால் தொங்குகிறது, பார்த்தீர்களா? விமானத்திலிருந்து குதித்ததும் காற்று கீழிருந்து அடிக்கும். சட்டை உப்பிக்கொண்டு மேலே ஏறிவிடும். அதற்காக இந்த வாலைக் கால்களுக்கு நடுவே இழுத்து முன்பக்கம் பட்டன் போட வேண்டும். நம் ஊரில் வேட்டியைத் தாறு பாய்ச்சிக் கட்டுவோமே, அதே கணக்குதான். தரை இறங்கிய பிறகு அதை யார் மடித்து வைக்கிறார்கள்? 1942 கடைசியில் வட ஆப்பிரிக்காவில் இறங்கியவர்களைப் பார்த்து, ‘வால் வைத்த மனிதர்கள்’ என்று அங்குள்ள மக்கள் பேசிக்கொண்டார்களாம்.

1944-இல் வந்த இரண்டாவது வகையில் கம்பளிக் கைமுனை போய்விட்டது. ஒரு பட்டியும் பட்டனும் வைத்துவிட்டார்கள். தைக்கிறவனுக்கு வேலை மிச்சம், போடுகிறவனுக்குக் குளிர். வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய காலுறையின் மேல்பாதியை வெட்டி அவர்களே கைமுனையில் தைத்துக்கொண்டார்கள். கோணல்மாணலான தையல். என் வேலைக்காலத்தில் அப்படி ஒன்று வந்திருந்தால் சிவப்பு நாடா கட்டித் தள்ளி வைத்திருப்பேன். இன்றைக்கு நான் முதலில் தேடுவது அந்தக் கோணல் தையலைத்தான்.

இனி சாயம். தொடக்க காலச் சட்டைகளில் வெளிர் மணல் நிறத் துணிமேல் பெரிய தூரிகையால் பழுப்பையும் பச்சையையும் கையாலேயே இழுத்திருக்கிறார்கள். ஒரு சட்டை மாதிரி இன்னொன்று இருக்காது. அந்தச் சாயமும் கெட்டியாக நிற்காது. மழையிலும் வெயிலிலும் வெளுத்துக்கொண்டே போகும். ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்றால் குட்டு உடைந்தது என்று நமக்கு அர்த்தம். இந்தச் சட்டையில் கதை தலைகீழ். போருக்குப் போய்வந்ததாகச் சொல்லப்படும் ஒன்று பளிச்சென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒரே சீராக வெளுத்திருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். வெயில் பட்ட தோள் வேறு மாதிரி வெளுக்கும், சுமைப்பட்டை உரசிய இடம் வேறு மாதிரி. பையின் மூடியைத் தூக்கிப் பாருங்கள், அடியில் பழைய பச்சை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். மூடிக்கு அடியிலும் வெளுப்பு என்றால், யாரோ வாளியில் ஊறவைத்திருக்கிறார்கள்.

போர்க்கால டெனிசன் ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான பவுண்டு வரை போகும். அதை இன்னும் ஏற்றிவிடுவது ஆர்னெம் என்கிற ஊர்ப்பெயர். 1944 செப்டம்பர் 17-ஆம் தேதி பிரிட்டிஷ் பாராசூட் படையினர் நெதர்லாந்தில் அந்த ஊரைச் சுற்றி இறங்கத் தொடங்கினார்கள். ரைன் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்பது நாள் சண்டை. போனவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். கடைசி இரவில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுகூட இல்லை. மற்றவர்களில் பலர் செத்தார்கள், பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். அப்படியென்றால் அங்கிருந்து எத்தனை சட்டை திரும்பியிருக்கும்? விற்பனைக்கு வருகிற டெனிசன்களோ, முக்கால்வாசி ஆர்னெமில் சண்டை போட்டதாகச் சொல்லிக்கொள்கின்றன. கடிதம், புகைப்படம், சேவை ஆவணம் எதுவும் இல்லாத ஆர்னெம் கதைக்கு நான் ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்க மாட்டேன். சட்டைக்கு மட்டும் விலை பேசுங்கள்.

ஏமாற்றுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. இந்தச் சட்டை போரோடு நிற்கவில்லை. 1959-இல் திருத்திய வடிவம் வந்தது, எழுபதுகளின் கடைசி வரை ராணுவம் அதைப் போட்டுக்கொண்டிருந்தது. சந்தையில் அவை எளிதாகக் கிடைக்கும். அதில் ஒன்றை எடுத்து, உள்ளே 1944 என்று அச்சடித்த துண்டுத் துணியைத் தைத்து, ராணுவச் சொத்துக்கு உரிய அம்புக்குறி முத்திரையைக் குத்திவிட்டால் போதும், விலை பல மடங்கு.

எனக்குத் தெரியாதா? நானே ஒருமுறை ஏமாந்தேன். முப்பது வருஷம் பிழை தேடினவன், ஆசை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். விற்றவர் பெயர் வேண்டாம். காலர் கிழிசல், எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்தேன். லேபிளில் ஆண்டைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து, அதைத் தைத்த நூலைப் பார்க்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்த விளக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போருக்குப் பின் வந்த நூல்கள் பலவற்றில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் புற ஊதா ஒளியில் நீலமாக மின்னும். அது சலவைத்தூளிலும் இருக்கிறது. அசல் சட்டையை நீங்கள் அன்பாகத் துவைத்துவிட்டீர்கள் என்றால் அதுவும் திருவிழா மாதிரி மின்னும். அப்புறம் இந்தச் சோதனை எடுபடாது. கெஞ்சிக் கேட்கிறேன், துவைக்காதீர்கள். துணி முழுக்க இருண்டு கிடந்து, ஓரிடத்து நூல் மட்டும் மின்னினால்தான் அந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த மேசையில் இருப்பது நான் ஏமாந்து வாங்கிய அதே சட்டைதான். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. பின்வரிசையில் இருக்கிற தம்பி, அந்தக் குழல்விளக்கைக் கொஞ்சம் அணையுங்கள். மின்விசிறி ஓடட்டும். லேபிளை வெளியே திருப்பி வைத்திருக்கிறேன்… இதோ விளக்கு. துணி கருப்பாக இருக்கிறதா? பையின் தையல்? அதுவும் கருப்பு. இப்போது லேபிளைச் சுற்றிப் பாருங்கள். நாலு பக்கமும் நீலமாக ஒரு கோடு.