கறிவேப்பிலை ஓட்டு

அனைவருக்கும் வணக்கம்.

அரசியல் பேசுவதற்கென்றே தொண்டை வளர்த்தவர்கள் இருக்க, என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, 2004-இல் இருந்து ஓட்டுப் போட்டு வருகிறேன். எல்லா முறையும் ஜனநாயகக் கட்சிக்குத்தான். நான் ஒரு தன்பாலீர்ப்பாளன். நானும் என் துணைவரும் சேர்ந்து வாழத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இதைச் சொன்னதும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். சரி, இவன் இப்போது குடியரசுக் கட்சியைக் கிழிக்கப் போகிறான் என்ற எதிர்பார்ப்பு. கொஞ்சம் கிழிப்பேன். ஆனால் எதிரி நம்மை எதிர்ப்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? என் வயிற்றெரிச்சல் எல்லாம் நண்பர்கள் மேல்தான்.

கறிவேப்பிலை இல்லாமல் தாளிக்க மாட்டோம். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் இலை ஓரத்துக்குத் தள்ளுவதும் அதைத்தான். என் ஓட்டின் கதை இதுதான்.

1996-இல் இருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு 'திருமணப் பாதுகாப்புச் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருபால் திருமணத்தை மத்திய அரசு ஏற்காது என்று சொல்லும் சட்டம். அந்த உரிமை கேட்டு ஹவாயில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நாட்டின் ஒரு மாநிலத்தில்கூட இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சட்டப்படி மணம் செய்துகொள்ள முடியாத காலம். அப்போதே பாதுகாப்பு! பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக 342 பேர், எதிராக 67 பேர். செனட்டில் 85-க்கு 14. குடியரசுக் கட்சி மட்டும் சேர்ந்து இந்த எண்ணிக்கையை எட்டியிருக்க முடியாது. ஆதரித்தவர்களில் ஜோ பைடனும் ஒருவர். கையெழுத்துப் போட்டவர் பில் கிளின்டன், நாங்கள் நிதி திரட்டிக் கொடுத்து ஜெயிக்கவைத்த அதே கிளின்டன். நள்ளிரவு தாண்டிய பிறகு, கேமராக்கள் எதுவும் இல்லாமல் கையெழுத்திட்டார். பாவம், மனம் உறுத்தியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்ச நாளில் அவருடைய பிரசாரக் குழு கிறிஸ்தவ வானொலிகளில் அதே சட்டத்தைப் பெருமையாகச் சொல்லி விளம்பரம் கொடுத்தது. எங்களுக்கு இருட்டில் வருத்தம், அவர்களுக்கு வெளிச்சத்தில் விளம்பரம்.

இந்தச் சட்டம் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன். மத்திய அரசின் பார்வையில் நாங்கள் இருவரும் ஒரே முகவரியில் கடிதம் வாங்கும் இரண்டு அந்நியர்கள். என் துணைவர் பிறந்ததில் இருந்தே அமெரிக்கர். ஆனாலும் எனக்காகக் கிரீன் கார்டுக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அமெரிக்கப் பெண்ணை மணந்து வரிசையைத் தாண்டிப் போனார். நான் வேலை மூலமாக விண்ணப்பித்து, எப்போது யார் வேலையை விட்டுத் தூக்குவார்களோ என்று பயந்தபடியே காத்திருந்தேன். ஆள்குறைப்பு என்று பேச்சு வந்தால் மற்றவர்கள் சம்பளத்தை நினைப்பார்கள். நான் விமான நிலையத்தை நினைப்பேன்.

ஒருவழியாகக் குடியுரிமை கிடைத்தது. முதல் ஓட்டு, 2004 நவம்பர் 2. அதே நாளில் 11 மாநிலங்களில் ஒருபால் திருமணத்துக்குத் தடை போடும் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. பதினொன்றும் நிறைவேறின. புஷ்ஷின் தேர்தல் பணிகளை நடத்தியவர் கென் மெல்மன். ஆறு ஆண்டு கழித்து, 2010-இல், 'நானும் தன்பாலீர்ப்பாளன்தான்' என்று அறிவித்தார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவர் விஷயத்தில் இடித்தது அவருடைய சொந்த வீட்டையே. பிறகு மன்னிப்புக் கேட்டார், திருமண உரிமைக்காக வேலையும் செய்தார். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த வாரம் என்னைச் சுட்டது வேறு. நம் பக்கம் தோற்றதும் பழி போட ஆள் தேடினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ மேயர் கேவின் நியூசம் துணிந்து ஒருபால் இணையர்களுக்குத் திருமணச் சான்று கொடுத்திருந்தார். கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் சொன்னார்: இதெல்லாம் ரொம்ப அதிகம், ரொம்ப வேகம், ரொம்ப முன்கூட்டி. போர், பொருளாதாரம், வேட்பாளர் எல்லாம் இருக்க, தோல்விக்குக் காரணம் நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டதாம்!

அப்புறம் ஒபாமா. எனக்குப் பிடித்த தலைவர், அதனால் கூடுதலாகவே பேசுவேன். 1996-இல் இல்லினாய் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டபோது, ஒரு பத்திரிகையின் கேள்வித்தாளில் ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்குவதை ஆதரிப்பதாக எழுதிக் கொடுத்தார். 2008-இல் அதிபர் தேர்தலில், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். 2010-இல், தன் கருத்து பரிணாமம் அடைந்துவருகிறது என்றார். குரங்கு மனிதனாகி, மறுபடி குரங்காகி, மீண்டும் மனிதனாவதற்குப் பரிணாமம் என்றா பெயர்? உண்மையில் அவர் மாறவே இல்லை, அரசியலுக்காக மறைத்துக்கொண்டார் என்று அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்ஸல்ராட் 2015-இல் எழுதினார்.

இதோடு காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் புள்ளிவிவரத்தையும் வைத்துப் பாருங்கள். 1996-இல் ஒருபால் திருமணத்தை ஆதரித்த அமெரிக்கர்கள் 27 சதவீதம். முதல்முறையாகப் பாதியைத் தாண்டி 53-க்கு வந்தது 2011-இல். ஒபாமா வாயைத் திறந்தது 2012 மே 9-இல். அதுவும் மூன்று நாள் முன்பு, துணை அதிபராக இருந்த பைடன் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் உளறிவைத்ததால். ஹிலாரி கிளின்டன் 2013 மார்ச்சில் வந்து சேர்ந்தார். ஊர் முழுவதும் ஆற்றைக் கடந்த பிறகு கரையில் நின்று வெற்றிச் சங்கு ஊதிய தலைவர்கள் இவர்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்பாளர் என்று தெரியவந்தால் ராணுவத்தை விட்டு நீக்கும் 'கேட்காதே, சொல்லாதே' என்ற விதியால் 13,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அதை 2010-இல் நீக்கிக் கையெழுத்திட்டவர் ஒபாமாதான். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக இனி நீதிமன்றத்தில் வாதாட மாட்டோம் என்று 2011-இல் சொன்னதும் அவர் அரசுதான். ஆனால் அந்தச் சட்டத்தை முறித்தவர் எடித் வின்ட்சர் என்ற மூதாட்டி. தன் மனைவி இறந்ததும், மனைவியாகச் சட்டம் ஏற்காததால், மனைவி விட்டுச்சென்ற சொத்துக்கு 3,63,053 டாலர் வரி கட்ட வேண்டிவந்தது. வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26-இல் வென்றார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, அதே தேதியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நாடு முழுவதும் திருமண உரிமை வந்தது. கருத்துக்கணிப்பு பார்த்துக்கொண்டிருக்க அந்த அம்மாவுக்கு நேரமில்லை. அவருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல்.

ஊடகங்களுக்கு வருகிறேன். 1982 அக்டோபரில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூட்டத்தில் ஒருவர் எய்ட்ஸ் பற்றிக் கேட்டார். ரீகனின் செய்தித் தொடர்பாளர் லாரி ஸ்பீக்ஸ், 'எனக்கு அது இல்லை, உங்களுக்கு இருக்கிறதா?' என்று கிண்டலடித்தார். அறை சிரித்தது. ஸ்பீக்ஸை எல்லோரும் திட்டுகிறோம். சிரித்தது யார்? பத்திரிகையாளர்கள். அந்த ஒலிப்பதிவை நான் முழுவதும் ஒரே மூச்சில் கேட்டதில்லை. ரீகன் அந்த நோய் பற்றி முதல் பெரிய உரை நிகழ்த்திய 1987-க்குள் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் எங்களை 'கே' (gay) என்ற சொல்லால் குறிக்கத் தன் செய்தியாளர்களை அனுமதித்ததும் அதே 1987-இல்தான். எங்கள் பெருமித மாதமான ஜூனில் அதே நாளேட்டின் பக்கங்களில் வானவில்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இன்னொரு சிரிப்பும் உண்டு. 2007-இல் ஐடஹோ மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் லாரி கிரெய்க், மினியாபோலிஸ் விமான நிலையக் கழிப்பறையில் ரகசியப் போலீஸ்காரரிடம் சிக்கி, ஒழுங்கீனக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1996 சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று மனைவி பக்கத்தில் நிற்கப் பேட்டி கொடுத்தார். இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு வாரக்கணக்கில் தீனி. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என் துணைவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, 'அவன் போட்ட ஓட்டைப் பற்றி ஒரு ஜோக்காவது வந்ததா?' என்று கேட்டார். வரவில்லை. எல்லா ஜோக்கும் கழிப்பறையைப் பற்றி, ஆண் ஆணைத் தேடுவதைப் பற்றி. முற்போக்கு பேசும் கலைஞர்கள், முற்போக்கான பார்வையாளர்கள், அவர்களோடு சேர்ந்து நானும் என்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் கதை இங்கே கொஞ்சம் அசிங்கமாகிறது. சொல்லாமல் போனால் இவ்வளவு நேரம் மற்றவர்களைப் பேசியதற்கு எனக்கு அருகதை இல்லை.

அதே 2007-இல் வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. தன்பாலீர்ப்பாளர்களோடு திருநர்களையும் சேர்த்துத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். அப்படியே போனால் ஓட்டுப் போதாது என்று கணக்குப் போட்டு, தானும் தன்பாலீர்ப்பாளரான ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பார்னி ஃபிராங்க் திருநர்களை நீக்கிவிட்டுக் கொண்டுவந்தார். 235-க்கு 184 என்று நிறைவேறியது. செனட்டில் அப்படியே கிடந்து செத்தது. அந்த வாரம் ஒரு நண்பர் வீட்டில் பெரிய வாக்குவாதம். ஃபிராங்க் செய்தது சரி, கிடைத்ததை முதலில் வாங்குவோம், அவர்களுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடித்துப் பேசியவன் நான். அங்கே ஒரு திருநங்கை இருந்தார். வாதாடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ரொம்ப அதிகம், ரொம்ப வேகம் என்று ஃபைன்ஸ்டைன் சொன்னபோது எனக்கு எரிந்ததே, அதே வாக்கியத்தை மூன்றே ஆண்டில் நான் வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் 2024 தேர்தலுக்குப் பிறகு நடப்பது எனக்குப் பழைய படத்தை மறுபடி பார்ப்பதுபோல் இருக்கிறது. திருநர்களைக் குறிவைத்து டிரம்ப் தரப்பு விளம்பரம் மேல் விளம்பரமாக ஓட்டியது. நம் பக்கம் தோற்றது. உடனே, அவர்களைத் தூக்கிச் சுமந்ததால்தான் தோற்றோம் என்று நம் பக்கத்திலேயே குரல்கள். 2025 மார்ச்சில், திருநங்கைகள் பெண்கள் விளையாட்டில் கலந்துகொள்வது மிகவும் நியாயமற்றது என்று தன் பாட்காஸ்டில் ஒப்புக்கொண்டார் ஒரு கவர்னர். யார்? 2004-இல் பழி சுமந்த அதே கேவின் நியூசம். விளையாட்டில் விதிகளைப் பற்றி விவாதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டு முன்பு தன் முதுகில் விழுந்த அடியை மனிதர் எப்படி மறந்தார் என்றுதான் கேட்கிறேன்.

எங்களுக்கும் திருநர்களுக்கும் எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சமத்துவச் சட்டத்தை முதல் 100 நாட்களுக்குள் கொண்டுவருவேன் என்று பைடன் வாக்குக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் 60 ஓட்டு வேண்டும், வரவில்லை. இன்றுவரை இல்லை. ஆனால் நிதி கேட்டு வரும் மின்னஞ்சல்கள் ஒருநாள் தவறியதில்லை.

பிறகு ஏன் இவர்களுக்கே போடுகிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். 2022-இல் கருக்கலைப்புத் தீர்ப்போடு உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், எங்கள் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தனியாக எழுதிவைத்தார். அதைப் படித்த இரவு நாங்கள் இருவரும் உயில், மருத்துவ அதிகாரப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துச் சரிபார்த்தோம். இதுதான் காரணம். நான் வேறு எங்கும் போக மாட்டேன் என்பது கட்சிக்கும் தெரியும்.

கடந்த தேர்தலுக்கு முன் ஒரு தொண்டர் போன் செய்தார். சின்னப் பெண், மரியாதையான குரல். எனக்கு முக்கியமான பிரச்சினை எது என்று கேட்டார். திருநர் உரிமை என்றேன். கொஞ்ச நேரம் தட்டச்சு சத்தம் கேட்டது. 'பட்டியலில் அது இல்லையே சார். மற்றவை என்று குறித்துக்கொள்ளட்டுமா?' என்றார். குறித்துக்கொள்ளம்மா என்றேன். மறுநாள் தபாலில் என் ஓட்டை அனுப்பினேன், அவர்களுக்கே.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.