இடது கையின் இரண்டு விரல்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் ஒருவர் எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார், சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பைக் பந்தயத்தின் வீடியோவைப் போட்டதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நான்காவது இடத்தில் நின்றவன் முதல் வளைவில் பதினொன்றாவதாக எப்படி நுழைந்தான்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கிளம்பச் சொல்லும் சிவப்பு விளக்கு அணைந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. பயந்து ஆக்சிலரேட்டரை மூடினேன், சக்கரம் தொப்பென்று விழுந்தது. மறுபடி திறப்பதற்குள் இரு பக்கமும் ஏழு பேர் போய்விட்டார்கள்.

எஞ்சின் பலம் போதவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இல்லை. பந்தய பைக்கின் இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.4 மீட்டர். ஓட்டுபவரையும் சேர்த்த எடை மையம் ஏறத்தாழ அதன் நடுவில், தரையிலிருந்து சுமார் 0.7 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முடுக்கம் 1 ஜி அளவை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவை, தொட்டதும் முன்சக்கரம் எழும்பிவிடும். அந்த அளவிலேயே விடாமல் போனால் 100 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 2.8 விநாடி. 200 குதிரைத்திறன் இருந்தாலும் 300 இருந்தாலும் அந்த முதல் சில மீட்டர்களில் பயன் ஒன்றுதான்.

ஆகவே வேலை முழுவதும் இடது கையில். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இரண்டு விரல்தான் நெம்புகோலின் மேல். மெல்ல விடுகிறேன்... பைக் லேசாக முன்னே குனிகிறது, பார்த்தீர்களா? கிளட்ச் பிடிக்கும் இடம் இதுதான். விளக்கு அணைந்ததும் விரல்கள் நேராக இங்கே வர வேண்டும், இங்கேயே நிற்க வேண்டும். வலது கை ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சினின் சுழற்சி வேகத்தை, அசையாமல் பிடித்திருக்க, கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டே வேகம் ஏற, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முன்சக்கரம் எழும்பினால் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். கிளட்சை ஒரு நூல் அளவு இழுத்தால் போதும், இறங்கிவிடும். உடம்பு டாங்கின் மேல் படுத்திருக்கட்டும், முழங்கைகள் தாழ்ந்திருக்கட்டும்.

கிளம்பும்போது உதவும் மின்னணு அமைப்பான லாஞ்ச் கண்ட்ரோல் இருந்தால்? நண்பர் ஒருவரின் பைக்கில் போன வாரம் முயன்று பார்த்தேன். ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகினாலும் எஞ்சின் குறித்த ஆர்பிஎம்மைத் தாண்டாமல் காத்திருக்கிறது. வலது கைக்கு நல்ல ஓய்வு. ஆனால் கிளட்சை அது விடாது, நாம்தான் விட வேண்டும். என் பழைய பழக்கப்படி விட்டேன். சக்கரம் எழும்பியது, அதைத் தடுக்கும் வீலி கண்ட்ரோல் சக்தியைக் குறைத்தது, பைக் மூச்சுத் திணறி நகர்ந்தது. வானத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் லாபம். முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பழகுங்கள் என்பேன்.

பைக் பந்தயங்களின் உச்சமான மோட்டோஜிபியில் இன்னொரு தந்திரம் உண்டு, ஹோல்ஷாட் கருவி. கிளம்பும் வரிசையான கிரிட்டுக்கு வரும்போது முன்பிரேக்கை அழுத்திச் சஸ்பென்ஷனை அமுக்கி, அப்படியே பூட்டிவிடுகிறார்கள். எடை மையம் தாழ்ந்தால் நான் சொன்ன 1 ஜி எல்லை கொஞ்சம் விலகிக்கொடுக்கும். முதல் வளைவின் பிரேக்கில் பூட்டு திறக்கும். திறக்காவிட்டால் அந்த வளைவை எப்படி எடுப்பது என்று யோசிக்கவே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2027 முதல் இந்தக் கருவிகளுக்குத் தடை. எனக்கு மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டோஜிபியில் சிவப்பு 2 முதல் 5 விநாடி வரை எரியும், எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது. மனத்துக்குள் எண்ணிக்கொண்டு ஊகித்துக் கிளம்பினால் இரட்டை லாங் லேப் தண்டனை, அதாவது குறித்த நீண்ட சுற்றுப்பாதையில் இருமுறை போய் நேரத்தை இழக்க வேண்டும். நான் ஒருமுறை எண்ணினேன். மூன்று என்றேன், சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, என் முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருந்தது. இப்போது பக்கத்துப் பைக்கின் சத்தத்தைக்கூடக் கேட்பதில்லை, விளக்கை மட்டுமே பார்க்கிறேன்.

இன்று நான்கு ஸ்டார்ட் முடிந்தது. கிளட்ச் கருகும் வாசனை உங்களுக்கு வராது, எனக்கு நன்றாகவே வருகிறது. பிளேட்டுகள் சூடானால் அந்தப் பிடிக்கும் இடமே நகர்ந்துவிடும். நெம்புகோலில் இருந்த தளர்வும் மாறியிருக்கிறது, பாருங்கள். ஆறட்டும். அரை மணி நேரம் கழித்து ஐந்தாவதை எடுக்கிறேன், அதைக் கைக்கு மேலே கேமரா கட்டிக் காட்டுகிறேன்.