வீட்டிலிருந்தே வேலை: தேடுகிற விதத்தை முதலில் மாற்றுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி வேலை வேண்டும், ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. எனக்கு வருகிற மெசேஜ்களில் பாதி இதைப் பற்றித்தான். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே வீடியோவாகப் பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. தேடும் பெட்டியில் "ஒர்க் ஃப்ரம் ஹோம் ஜாப்" என்று அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏமாற்றுகிறவர்கள் வலை விரித்து உட்கார்ந்திருப்பதே அந்த வார்த்தையில்தான். நிஜமான கம்பெனி ஆள் எடுக்கும்போது வேலையின் பெயரைத்தான் எழுதும்: கஸ்டமர் சப்போர்ட், கணக்கு உதவியாளர், சாஃப்ட்வேர் டெஸ்டர், டெக்னிகல் ரைட்டர், வீடியோ எடிட்டர். எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பது அதற்குக் கீழே ஒரு வரியாக வரும்: ரிமோட் (தூரத்திலிருந்தே), ஹைப்ரிட் (சில நாள் வீடு, சில நாள் அலுவலகம்), அலுவலகம். தலைப்பிலேயே "வீட்டிலிருந்து கை நிறையச் சம்பாதிக்கலாம்" என்று போட்டுவிட்டு, என்ன வேலை என்று எங்குமே சொல்லவில்லை என்றால், சொல்வதற்கு அங்கே வேலையே இல்லை.

ஆக, நீங்கள் முடிவு செய்ய வேண்டியது உங்களால் என்ன வேலை செய்ய முடியும் என்பதைத்தான். மொழிபெயர்ப்பு, ஆன்லைன் டியூஷன், புக்கீப்பிங், டிசைன் எல்லாம் தூரத்திலிருந்து நன்றாகவே நடக்கிற வேலைகள். மெடிக்கல் கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை மருத்துவப் பதிவுகளில் போடுவது, அதுவும் அப்படித்தான், ஆனால் அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஏஐ மாடல்களுக்கான டேட்டா லேபலிங், அதாவது ஏஐ கற்றுக்கொள்வதற்காகப் படம், எழுத்து போன்றவற்றில் இது என்ன என்று குறித்துக் கொடுப்பது, உண்மையான வேலைதான். ஆனால் புராஜெக்ட் இருக்கும்வரை இருக்கும், முடிந்தால் காணாமல் போகும். மாதச் சம்பளம் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆடியோவைக் கேட்டு டைப் செய்யும் டிரான்ஸ்கிரிப்ஷன், மெஷினே எழுத ஆரம்பித்த பிறகு சுருங்கிவிட்டது. டேட்டா என்ட்ரி? உண்மையானது கொஞ்சம் இருக்கிறது. விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் அது இல்லை.

இப்போது வேலையில் இருக்கிறீர்களா? அப்படியானால் தேடலை உங்கள் அலுவலகத்திலேயே தொடங்குங்கள். உங்களைத் தெரிந்த மேனேஜரிடம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று கேட்டு, அந்த இரண்டு நாளில் வேலை குறையவில்லை என்று காட்டுவது, முன்பின் தெரியாத கம்பெனியில் ரிமோட் வேலை வாங்குவதைவிட எளிது. பலர் இதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

சரி, வெளியேதான் தேட வேண்டும் என்றால் எங்கே? லிங்க்ட்இன், இண்டீட் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். வேலையின் பெயரைக் கொடுத்து, ரிமோட் ஃபில்டரைப் போட்டு, தேதி வாரியாகச் சலித்துவிட்டு, அலர்ட் வைத்துவிடுங்கள். ரிமோட் வேலைக்கென்றே வீ ஒர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே போன்ற தளங்கள் இருக்கின்றன. அங்கே சாஃப்ட்வேர், மார்க்கெட்டிங், சப்போர்ட் வேலைகள்தான் அதிகம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பல கம்பெனிகள் விண்ணப்பம் வாங்குவதற்கு கிரீன்ஹவுஸ், லீவர், ஆஷ்பி போன்ற சாஃப்ட்வேர்களைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் அங்கே ஒரு பக்கம் திறந்திருக்கும். கூகுள் அந்தப் பக்கங்களையும் படித்து வைத்திருக்கும். அதனால் நேராக அங்கேயே தேடலாம். கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி போட்டு, அதை ஒட்டியே 'ஜாப்ஸ் டாட் லீவர் டாட் கோ' (jobs.lever.co) என்று அடியுங்கள். கவனியுங்கள், கடைசியில் 'காம்' இல்லை, 'கோ'. அப்புறம் ஒரு இடைவெளி விட்டு, மேற்கோள் குறிக்குள் வேலையின் பெயர். இன்னொரு இடைவெளி விட்டு 'ரிமோட்'. என்டர் தட்டியதும் மேலே 'டூல்ஸ்' என்று இருக்கிறதே, அதில் கடந்த ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவதெல்லாம் கம்பெனிகளின் விண்ணப்பப் பக்கங்கள். நடுவில் ஏஜென்ட் இல்லை. பெரிய தளங்களில் கூட்டம் சேர்வதற்கு முன்பே சில வேலைகள் இங்கே கண்ணில் படும்.

ரிமோட் என்று போட்டிருந்தாலும் எந்த நாட்டில் இருப்பவர்களுக்கு என்பதைப் படிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள். வரி, தொழிலாளர் சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. அதனால் தங்களுக்கு அலுவலகம் இல்லாத நாட்டில் பல கம்பெனிகள் ஆள் எடுக்காது. எடுத்தால் ஒப்பந்தக்காரராக எடுக்கும், இல்லையென்றால் டீல், ரிமோட் டாட் காம் போன்ற நிறுவனம் மூலம் உங்கள் நாட்டுச் சட்டப்படி சம்பளம் கொடுக்கும். நேர மண்டலத்தையும் பாருங்கள். "தினமும் நான்கு மணி நேரம் எங்கள் டீமோடு சேர்ந்து ஆன்லைனில் இருக்க வேண்டும்" என்பது உங்கள் ஊர்க் கடிகாரத்தில் நள்ளிரவாக இருக்கலாம்.

விண்ணப்பத்தில் ஒன்று சொல்கிறேன். தூரத்திலிருந்து வேலை பார்க்கிறவரின் நாளே எழுத்தில்தான் போகும். மெயில், சாட், டாக்குமென்ட். எனவே கவர் லெட்டரே ஒரு வேலைப் பரீட்சை மாதிரிதான். "நான் கடின உழைப்பாளி" என்பதை எல்லோரும் எழுதுவார்கள். கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் உதவிப் பக்கத்தில் பணம் திரும்பப் பெறுவது பற்றிப் படித்தேன். பாதியில் சந்தாவை ரத்து செய்தால் மீதிப் பணம் வருமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. ஒரு வாடிக்கையாளர் அதைக் கேட்டால் எப்படிப் பதில் எழுதுவேன் என்று கீழே கொடுத்திருக்கிறேன்." ஐந்து வரி போதும். அதை எழுத அரை மணி நேரம் ஆகும். அதனாலேயே பலர் எழுத மாட்டார்கள்.

இனி மோசடி. இந்த மெசேஜைப் பாருங்கள், பலருக்கு வந்திருக்கும். "வணக்கம், உங்கள் ரெஸ்யூமே எங்கள் பார்வைக்கு வந்தது. தினமும் ஒன்றிரண்டு மணி நேரம், மொபைலிலேயே செய்யலாம், அனுபவம் தேவையில்லை, தினசரிப் பணம். விருப்பம் என்றால் டெலிகிராமில் எங்கள் மேனேஜரைத் தொடர்பு கொள்ளுங்கள்." வேலையின் பெயர் இல்லை. எந்தத் தளத்தில் ரெஸ்யூமேயைப் பார்த்தார்கள் என்று இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. பேச்சை உடனே வேறு ஆப்புக்கு இழுக்கிறார்கள்.

உள்ளே போனால் நடப்பது இதுதான். ஹோட்டலுக்கு ரேட்டிங் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்பார்கள். ஒரு சின்னத் தொகையை நிஜமாகவே அனுப்பிவிடுவார்கள். நம்பிக்கை வருவது அங்கேதான். அப்புறம் அவர்கள் தளத்தில் உங்கள் பெயரில் ஒரு பேலன்ஸ் ஏறிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு "ஸ்பெஷல் டாஸ்க்" வரும், பேலன்ஸ் மைனஸில் போகும். சரிக்கட்டப் பணம் போடு, பெரும்பாலும் கிரிப்டோவில். போட்டால் அதைவிடப் பெரிய டாஸ்க். எடுக்கப் போனால் "வரி கட்டினால்தான் எடுக்க முடியும்" என்பார்கள். திரையில் தெரிந்த அந்தப் பணம் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. குரூப்பில் "எனக்குப் பணம் வந்துவிட்டது" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களும் அவர்கள் ஆட்களே. அமெரிக்காவில் நுகர்வோர் புகார்களை வாங்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 2020-இல் இந்த வகைப் புகார் ஒன்றுகூட வரவில்லை. 2023-இல் 5,000 வந்தது. 2024-இல் முதல் ஆறு மாதத்திலேயே சுமார் 20,000. புகார் கொடுக்காமல் விட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இன்னும் ஆபத்தான இரண்டு இருக்கின்றன, ஏனென்றால் அவற்றில் மாட்டினால் நீங்களே குற்றவாளி ஆகிவிடலாம். ஒன்று, வீட்டுக்கு வரும் பார்சலைப் பிரித்துப் பார்த்து, புது லேபல் ஒட்டி வேறு முகவரிக்கு அனுப்பும் "தரப் பரிசோதகர்" வேலை. திருடிய கார்டில் வாங்கிய பொருள் அது. இன்னொன்று, உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடு என்பது. போலீஸ் தேடி வரும்போது காகிதத்தில் இருப்பது உங்கள் முகவரியும் உங்கள் கணக்கு எண்ணும்தான்.

"பணம் கேட்டாலே மோசடி" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரி, ஆனால் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃப்ளெக்ஸ்ஜாப்ஸ் என்ற தளம் வேலை தேடுகிறவர்களிடமே சந்தா வாங்குகிறது. ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான அப்வொர்க் தளத்தில் விண்ணப்பம் அனுப்ப 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்களை வாங்க வேண்டியிருக்கும். இரண்டும் தெரிந்த தளங்கள்தான். அந்தப் பணம் தேடுகிற வசதிக்கு, வேலைக்கு அல்ல. அது உங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறவரே பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் என்று கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். லேப்டாப் வாங்கச் செக் அனுப்புகிறோம், எங்கள் கடைக்காரருக்கு நீங்கள் பணம் கட்டிவிடுங்கள் என்பதும் இதே கதை. செக் திரும்பும், நீங்கள் கட்டியது திரும்பாது.

சாட்டிலேயே இன்டர்வியூ நடந்தால் மோசடி என்பதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் கம்பெனி எழுத்திலேயே இன்டர்வியூ செய்வதற்குப் பேர் போனது. ஆனால் அங்கே அவர்கள் தளத்தில் முதலில் விண்ணப்பித்தது நீங்கள். அதற்குப் பிறகு சம்பளத்தோடு ஒரு சோதனை வேலை உண்டு. இருபது நிமிஷ சாட் முடிந்த கையோடு ஆஃபர் லெட்டர் வருவதும் இதுவும் ஒன்றில்லை.

சந்தேகம் வந்தால் சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. மெயிலில் @ குறிக்குப் பின்னால் வருவதைப் படியுங்கள். கம்பெனி பெயரோடு 'கேரியர்ஸ்', 'ஹெச்ஆர்' என்று ஒட்டிய புது டொமைன்கள், அதாவது இணைய முகவரிப் பெயர்கள், நிறைய உலவுகின்றன. இணைய முகவரிப் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்அப் பக்கத்தில் அந்தப் பெயரைப் போட்டால், எப்போது பதிவு செய்தார்கள் என்று வரும். பதினைந்து வருஷமாக இருக்கிறோம் என்கிற கம்பெனியின் டொமைன் போன மாதம் பிறந்ததா? அவ்வளவுதான், மூடிவிட்டுப் போங்கள். அவர்கள் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல், கம்பெனியின் தளத்தை நீங்களே தேடிப் போய், அந்த வேலை அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். அடையாள அட்டை, வங்கி விவரம் எல்லாம் ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகுதான். ஓடிபி, பாஸ்வேர்டு எந்தக் கட்டத்திலும் கிடையாது.

எல்லாம் சரியாக இருந்து ஆஃபர் வந்துவிட்டால், கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேளுங்கள். நான் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? வரியை யார் பிடிப்பது? எந்த நாணயத்தில், எந்தத் தேதியில் பணம் வரும்? லேப்டாப் யாருடையது, அதில் என் திரையைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதா? விலகச் சொன்னால் எத்தனை நாள் நோட்டீஸ்? ஃபோனில் சொல்லிவிட்டுப் போனால் போதாது, பதில் மெயிலில் வரட்டும்.