விலை கூடின பிள்ளை

வணக்கம் நேயர்களே. தாய்சேய் நலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, நான் டாக்டரும் இல்லை தாதியும் இல்லையே என்றுதான் முதலில் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்திருந்தது ஒரு மருத்துவமனையின் கட்டணப் பிரிவில், கண்ணாடிக்குப் பின்னால், பில் அடிக்கிற இடத்தில். "அதைப் பத்தியே பேசுங்களேன்" என்றார்கள். சரி, காசைப் பற்றியே பேசுவோம். பிள்ளைப்பேறு என்றால் வளைகாப்பு, பத்தியம், பெயர் வைப்பது எல்லாவற்றையும் பேசுகிறோம், இதை மட்டும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ராத்திரி மெதுவான குரலில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். கடைசித் தம்பி 1974-இல் பிறந்தான், சிங்கப்பூரின் கண்டாங் கெர்பா மருத்துவமனையில். தேக்கா பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும், மலாயில் எருமைத் தொழுவம் என்று அர்த்தம், இன்றைய கேகே மருத்துவமனைதான். 1966-இல் அங்கே ஒரே வருடத்தில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு மேல்! அத்தனை பிள்ளைகளைப் பார்த்து அரசாங்கம் மிரண்டுபோய் 1972-இல் 'இரண்டு போதும்' என்று பிரசாரம் தொடங்கியது. சுவரொட்டியோடு விடவில்லை. அரசாங்க மருத்துவமனையில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பிரசவக் கட்டணமும் கூடும்படி வைத்தார்கள், கருத்தடை செய்துகொண்டால் அந்தக் கட்டணம் தள்ளுபடி. செம்பவாங் கப்பல் பட்டறைச் சம்பளத்தில் அப்பா அதைக் கட்டினார். "நீதான்டா நம்ம வீட்டுலயே விலை கூடின பிள்ளை" என்று தம்பியைச் சீண்டிக்கொண்டே இருப்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம், அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். ஏன் என்று ரொம்ப வருடம் கழித்துத்தான் சொன்னார். நாலாவது என்று தெரிந்தால் திட்டுவார்கள், காசும் கூடக் கேட்பார்கள் என்று பயந்து ஆறு மாதம் வரைக்கும் கிளினிக் பக்கமே போகவில்லையாம். ரத்தச்சோகையோடு நடந்துகொண்டிருந்திருக்கிறார், யாருக்கும் தெரியாது.

இன்று அதே ஊரில் எல்லாம் தலைகீழ். 2025 பிப்ரவரி 18-இலிருந்து மூன்றாவது, நான்காவது என்று சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 5,000 வெள்ளி போடுகிறது அரசாங்கம். தம்பியிடம் சொன்னேன், "அம்பது வருஷம் முந்திப் பொறந்துட்டேன்கா" என்றான்.

இதை நான் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. பிரசவக் கட்டணத்தை ஏற்றினால் பெண்கள் நடந்துகொள்ளும் விதம் மாறும் என்று ஓர் அரசாங்கத்துக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் ஏற்றியிருக்கிறார்கள். அப்படியிருக்க, உலகத்தில் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ மாநாடுகளில், "சும்மா கொஞ்சம் கட்டணம்தானே, மக்களும் பங்களிக்கட்டும்" என்று பெரியவர்கள் பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாசலில் காசு கேட்டால் பெண் வாசலோடு திரும்பிவிடுகிறாள். கணக்கில் வரவு கொஞ்சம் கூடலாம், வராமல் போனவள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

உலகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனமும் மற்ற ஐக்கிய நாட்டு அமைப்புகளும் சேர்ந்து போட்ட மதிப்பீட்டின்படி, 2023-இல் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். ஒரு நாளைக்கு எழுநூறுக்கு மேல். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட சாவு ஏழை நாடுகளிலும் அதற்கு ஒரு படி மேலே உள்ள நாடுகளிலும்தான். ஏழை நாட்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இப்படிச் சாகும் வாய்ப்பு 66-இல் ஒன்று, பணக்கார நாட்டில் கிட்டத்தட்ட 8,000-இல் ஒன்று. உடம்பு என்னவோ ஒரே உடம்புதான்.

ஆனால் இதை "ஏழை நாடு, என்ன செய்ய முடியும்" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு நாடுகளைக் காட்ட விரும்புகிறேன். நைஜீரியா எண்ணெய் விற்கிற நாடு. 2023-இல் உலகத்தில் நடந்த தாய் மரணங்களில் கால் பங்குக்கு மேல், சுமார் 75,000, அந்த ஒரே நாட்டில். அங்கே மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் 70 சதவீதத்துக்கும் மேல் மக்கள் தங்கள் கையிலிருந்து அந்த நேரத்தில் எடுத்துக் கொடுப்பது. இதில் வேடிக்கை, 2001-இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, வரவுசெலவுத் திட்டத்தில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று சத்தியம் செய்த இடம் அபுஜா, அதே நைஜீரியாவின் தலைநகரம். சத்தியம் செய்த வீடே அதைக் காப்பாற்றவில்லை. இந்தப் பக்கம் இலங்கை. பணக்கார நாடு இல்லை, நடுவில் அத்தனை வருடப் போர் வேறு. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் காசில்லை, கிராமத்துக்குக் கிராமம் குடும்பநல மருத்துவிச்சி வீடு தேடி வருகிறார். இது நேற்றைக்கு முந்தாநாள் வந்ததில்லை, பல தலைமுறைப் பழக்கம். ஒரு லட்சம் பிள்ளைப்பேற்றுக்கு அங்கே இறக்கும் தாய்மார் 30-க்கும் குறைவு. நைஜீரியாவில் ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது.

பிரசவத்தில் ரத்தம் போக ஆரம்பித்தால் சில மணி நேரம்தான் கையில் இருக்கும். தாடியஸ், மெய்ன் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் மூன்று தாமதங்கள் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள்: போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்கிற தாமதம், வண்டி பிடித்துப் போய்ச் சேருகிற தாமதம், போன இடத்தில் கவனிக்கப்படுகிற தாமதம். கவுன்டரில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றிலும் காசு இருக்கிறது. வீட்டில் மாமியார் கணக்குப் போடுகிறார், வண்டிக்காரன் ராத்திரி வாடகை கேட்கிறான், ஆஸ்பத்திரியில் கையுறையும் நூலும் மருந்தும் வெளியே போய் வாங்கி வரச் சொல்கிறார்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் முடிவதில்லை. பல ஆப்பிரிக்க நாடுகளில் பில் கட்டாத தாயைப் பச்சைக் குழந்தையோடு மருத்துவமனையிலேயே பிடித்து வைத்திருப்பார்கள், வாசலில் காவலாளி நிற்பான். கென்யாவில் அப்படித் தடுத்து வைக்கப்பட்ட பெண்கள் வழக்குப் போட்டு, அது உரிமை மீறல் என்று 2015-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் வேலை முடித்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது, பில் என்ற காகிதத்தை நான் எத்தனை பேர் கையில் சாதாரணமாக நீட்டியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

அப்போ இலவசம் என்று அறிவித்துவிட்டால் தீர்ந்துவிடுமா? பாதிதான் தீரும். ஆப்பிரிக்காவில் இருக்கிற சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கட்டணத்தை ரத்து செய்தது. அதோடு மருத்துவ ஊழியர்களின் சம்பளத்தையும் உயர்த்தினார்கள், அதுதான் அதில் புத்திசாலித்தனமான பகுதி என்பேன். சம்பளம் ஒழுங்காக வராத தாதி, கட்டணம் இல்லை என்று பலகை மாட்டிய பிறகும் மேசைக்குக் கீழே கை நீட்டத்தான் செய்வார். ஒரேயடியாக மாறிவிடவில்லை, மருந்து தீர்ந்துபோகிற கதையெல்லாம் உண்டு, இருந்தாலும் லட்சத்துக்கு ஆயிரத்துக்கு மேல் தாய்மார் இறந்துகொண்டிருந்த நாடு 2020-இல் 500-க்குக் கீழே வந்தது.

கை நீட்டுவது என்றதும் நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம், 2011-லிருந்து மருந்து, சாப்பாடு, போக வர வண்டிகூட மத்திய அரசுத் திட்டத்தில் இலவசம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிற திட்டத்தில் ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும், தவணை தவணையாக வருகிறது. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் அத்தை மகளின் பெண்ணுக்குப் பிரசவம் நடந்த இடத்தில், குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்த ஊழியர் அத்தையிடம் கொடுக்காமல் அப்படியே நின்றிருக்கிறார். ஆண் பிள்ளைக்கு ஐந்நூறு, பெண் பிள்ளைக்கு முந்நூறு. அத்தை முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, "பொண்ணுக்குக் கொறச்சுத்தானே கேக்குறோம்" என்று சமாதானம் வேறு!

தனியாருக்குப் போனால் வேறு தினுசு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவின் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 47 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 14. அறுத்தால் பில் கூடும், இதற்கு மேல் நான் என்ன விளக்க. ஆனால் சாட் போன்ற நாடுகளில், அறுத்தே ஆக வேண்டிய பெண்ணுக்கு அறுக்க ஆளும் இல்லை, விளக்கும் இல்லை. காசு இருக்கிற பக்கம் கத்தி தேவைக்கு மேல் ஓடுகிறது, இல்லாத பக்கம் வரவே மாட்டேன் என்கிறது.

இத்தனைக்கும் தேவைப்படுகிற சாமான் எல்லாம் விலை உயர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்தது. முக்கியமான சாமான் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பிரசவமானதும் தாயின் அடியில் விரித்தால் ரத்தம் அதன் பையில் போய்ச் சேரும், பையில் கோடு போட்டிருக்கும், எவ்வளவு போயிருக்கிறது என்று தாதி கண்ணாலேயே படிக்கலாம். அதுவரை துணியையும் தரையையும் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தொட்டதும் செய்ய வேண்டிய சிகிச்சையையெல்லாம் ஒரே மூச்சில் செய்தபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபத்தும் 60 சதவீதம் குறைந்தது. அந்த விரிப்பை மாதாமாதம் யார் வாங்கி அனுப்புவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

வெளிநாட்டு உதவியை நம்பலாமா? உதவி என்பது தாய்மாமன் சீர் மாதிரி. வந்தால் சந்தோஷம், அதை வைத்து மாதச் செலவை ஓட்ட முடியாது. அமெரிக்காதான் உலகச் சுகாதார உதவியில் ஆகப் பெரிய கையாக இருந்தது. 2025 ஜனவரியில் நிறுத்தி வைத்தார்கள், ஜூலை 1-ஆம் தேதி யுஎஸ்எய்ட் என்கிற அவர்களுடைய வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். பிரிட்டனும் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கிறது. வாஷிங்டனில் யாரோ கையெழுத்துப் போட்டால் எங்கோ ஒரு கிராமத்து மருத்துவிச்சிக்கு அடுத்த மாதம் சம்பளம் இல்லை. அந்தந்த நாடு தன் வரிப்பணத்திலிருந்து இதை எடுத்து வைக்காத வரைக்கும் இந்த நிலைமைதான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் தாய் இறப்பது மிக அபூர்வம், மானியம் இருக்கிறது, மெடிசேவ் இருக்கிறது, வளைகாப்புக்கு முன்னாலேயே பில் எவ்வளவு வரும் என்று உட்காரவைத்து விளக்கிவிடுகிறார்கள், அந்த வேலையைத்தான் நானும் செய்தேன். ஆனால் யாருக்கு மானியம் என்பதில் கோடு ஒன்று உண்டு. இல்லப் பணிப்பெண் கர்ப்பமானால் வேலை அனுமதியே போய்விடும், பில் வரை வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வருகிற நம் பெண்களில் நிறைய பேருக்கு நீண்டகால வருகை அனுமதி. அது 'பிளஸ்' வகையாக இருந்தால் வார்டுக்கு மானியம் உண்டு. வெறும் அனுமதி என்றால் முழுக் கட்டணம், முன்பணமும் கட்ட வேண்டும்.

அப்படி ஒருவர் என் கவுன்டருக்கு வந்தார், சில வருடம் முன்பு. பாதுகாவலர் சீருடை, இரவு வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். அங்பாவ் உறையிலிருந்து ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்து, எச்சில் தொட்டு, இரண்டு தரம் எண்ணினார். மனைவி பக்கத்து நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இருபத்துமூன்று வயது இருக்கலாம். கணினியில் பார்த்தால் நடுவில் இரண்டு பரிசோதனைக்கு வரவே இல்லை. "ஏம்மா வரல?" என்று கேட்டேன். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவர் சொன்னார், "ஒவ்வொரு தடவையும் நூறு நூத்தம்பதுன்னு ஆகுதுக்கா, பிரசவத்துக்குச் சேத்து வைக்கலாம்னு ரெண்ட விட்டுட்டோம்." எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. காசுக்குக் கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவி தேடித் தருகிற மருத்துவ சமூக ஊழியரிடம் அவர்களை அனுப்பினேன், அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. மெடிசேவிலிருந்து எடுக்கலாம் என்பதும் தெரியாது, கணவரின் கணக்கிலிருந்து மனைவிக்கு எடுக்கலாம்.

உங்கள் புளோக்கிலும் அப்படி ஒரு பெண் இருந்தால், எட்டாம் மாதம் வரைக்கும் விடாமல் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள். கவுன்டரில் "எவ்வளவு ஆகும்" என்று கேட்காதீர்கள், "மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவள் தானாகச் சொல்ல மாட்டாள், வரிசை நீளமாக இருக்கும். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.