மழைக்குக் காத்திருக்கும் கிழங்குகள்

வணக்கம், நேயர்களே. தோட்டத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் கறிவேப்பிலை ஏன் தழையவில்லை, ஆர்க்கிட் ஏன் பூக்கவில்லை என்றுதான் கேள்வி வரும். இன்று அந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன். வெங்காயம் போல ஒரு கிழங்கு மண்ணுக்குள் கிடந்து, ஒரு நாள் காலையில் திடீரென்று பூவை மேலே அனுப்புமே, அந்தச் செடிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். பினாங்கில் எந்தத் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், போனாலும் நாலு வீட்டு வாசலில் இவை இருக்கும். எது என்ன செடி என்றுதான் பலருக்குத் தெரியாது.

முதலில் குளிர்நாட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் படிக்கிற பிள்ளைகள் ஏப்ரல் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார்கள், காட்டுத் தரை முழுக்க நீலமாக. அது புளூபெல். அங்கே மரங்கள் குளிர்காலம் முழுக்க மொட்டையாக நிற்கும். வசந்தத்தில் அவை மறுபடி இலைவிட்டு நிழல் மூடுவதற்குள், தரையில் விழும் வெயிலை வைத்துக்கொண்டு இந்தக் கிழங்குகள் பூத்துவிட வேண்டும். பிறகு விதை போட்டு, மறுபடி மண்ணுக்குள் அடங்கிவிடும். ஸ்னோடிராப் என்கிற சின்ன வெள்ளைப் பூ இன்னும் அவசரக்காரி, ஜனவரி, பிப்ரவரியிலேயே வந்துவிடுவாள். புளூபெல்லிலும் இரண்டு வகை உண்டு. காட்டில் தானாக வளர்வதற்குத் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், நல்ல வாசம், மகரந்தம் பாலேட்டு நிறம். ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து தோட்டங்களில் வைத்ததற்குத் தண்டு நேராக நிற்கும், வாசம் இருக்காது, மகரந்தம் நீலம். இரண்டும் சேர்ந்த கலப்பினமும் அங்கே ஏராளம்.

“அதை இங்கே வளர்க்கலாமா?” என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. அந்தக் கிழங்குக்குப் பல வாரம் குளிர் பட்டால்தான் உள்ளே இருக்கிற மொட்டு விழிக்கும். பினாங்கு மலை உச்சியே 800 மீட்டர் சொச்சம்தான், அந்தக் குளிர் போதாது. துலிப் வைத்தே தீருவேன் என்கிறவர்கள் கிழங்கை 12 வாரத்துக்குக் குறையாமல் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பார்கள். அப்படி வைக்கிறவர்கள் பக்கத்தில் ஆப்பிள் வைக்காதீர்கள். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். இவ்வளவும் செய்து ஒரே ஒரு தடவை பூ பார்க்கலாம். எனக்கு அதில் ஆசையில்லை.

ஏனென்றால் நமக்கும் ஒரு வசந்தம் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் தார்ச்சாலை எப்படிச் சுடும் என்று. ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறட்சி மாதங்கள். புல் பழுத்துவிடும், செம்மண் வெடிக்கும். அப்புறம் மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு மாலை இடி இடித்து மழை கொட்டும். அதிலிருந்து நாலைந்து நாளில் வாசலைப் பாருங்கள், மழை லில்லி வரிசையாகப் பூத்து நிற்கும். குளிர்நாட்டுக் கிழங்கு குளிருக்குக் காத்திருக்கிறது. நம் வாசல் கிழங்கு வறட்சிக்கும் அதன் பின்னால் வரும் மழைக்கும் காத்திருக்கிறது. அதனால் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிவிட்டு “பூக்கவே இல்லை” என்று வருத்தப்படாதீர்கள். கொஞ்ச நாள் காயவிடுங்கள். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் பூ வரும், ஆனால் என் தோட்டத்தில் மழைக்குப் பூப்பதுபோல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில்லை.

மழை லில்லி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது. இங்கே அதிகம் பார்ப்பது வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள். பூ இருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். பூவோ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மீதி நாளெல்லாம் இலைதான். ஆகவே நான் எங்கே போனாலும் சொல்வது இதுதான்: பூவை வைத்துச் செடியை அடையாளம் காணாதீர்கள், இலையை வைத்துக் காணுங்கள். வெள்ளை மழை லில்லிக்கு இலை கரும்பச்சை, கொஞ்சம் உருண்டு தடிப்பாக இருக்கும். இளஞ்சிவப்புக்குப் புல் மாதிரித் தட்டையாக இருக்கும்.

இலை இலை என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்றால், அதற்கொரு கதை இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஈப்போவிலிருந்து ஒரு மருமகள் வந்தாள். கெட்டிக்காரப் பெண், சமையலில் கை தேர்ந்தவள். ஒரு நாள் வேலியோரம் கையில் ஒரு கட்டு இலையோடு நிற்கிறாள். “ஆன்ட்டி, உங்க வீட்டுக் குச்சாய் வேலிக்கு இந்தப் பக்கம் வந்திருச்சு, கொஞ்சம் அறுத்துக்கிட்டேன். இறால் போட்டு வதக்கப் போறேன், உங்களுக்கும் ஒரு கிண்ணம் தரேன்” என்றாள். எனக்குப் பகீரென்றது. குச்சாய் என்றால் பூண்டு வாசமுள்ள சமையல் கீரை. அவள் கையில் இருந்ததோ வெள்ளை மழை லில்லி. “அம்மா, அதில் ஒன்றைக் கசக்கி முகர்ந்து பார்” என்றேன். முகர்ந்தாள். “வாசமே இல்லையே ஆன்ட்டி!” என்றாள். என் பூச்சட்டியிலிருந்து நிஜக் குச்சாயை ஒன்று கிள்ளிக் கொடுத்தேன். பூண்டு வாசம் தூக்கியது. அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்ததாம். உள்ளேயிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, “நல்லவேளை, முதல் கிண்ணம் எனக்குத்தான் வந்திருக்கும்” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமில்லை அது. மழை லில்லி வகையில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. கிழங்கில் நஞ்சு இன்னும் அதிகம். சின்னப் பிள்ளைகள், நாய், பூனை இருக்கிற வீட்டில் கவனம் வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், சமையலறையில் இருக்கிறவர்கள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். கசக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசம் இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள். வெங்காயம் நறுக்கிய கையோடு போய் முகராதீர்கள், அந்தக் கை ஏமாற்றிவிடும். பூத்திருந்தால் இன்னும் சுலபம்: குச்சாய்க்கு ஒரு தண்டின் உச்சியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக இருக்கும், மழை லில்லிக்கு ஒரு தண்டுக்கு ஒரே பூ.

சரி, நிழலுக்கு வருவோம். வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரம், மாமரம் வைத்திருப்பவர்கள் அடியில் ஒன்றும் வளரவில்லை என்பார்கள். நம் ஊர் மரங்கள் இங்கிலாந்து மரங்களைப்போல ஆண்டுக்கொருமுறை வழிவிட்டு நிற்பதில்லை. அதனால் நம் பக்கத்து நிழல் கிழங்குகள் அவசரப்படாமல், அகலமான இலையை விரித்து, கிடைக்கிற வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டு பொறுமையாகப் பூக்கும். இரண்டைச் சொல்கிறேன். யூக்கரிஸ், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது: இலை நீண்டு பளபளவென்று கரும்பச்சை, பெரிய வெள்ளைப் பூ தலைகுனிந்து நிற்கும், நல்ல மணம். புரோயிஃபிஸ், நம் தென்கிழக்காசியாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரைக்கும் இயற்கையாகவே இருப்பது: இலை வெற்றிலையைவிட அகலம், நரம்புகள் வளைந்து வளைந்து ஓடும், பூ சிறியது. இரண்டுக்கும் காலை வெயில் கொஞ்சம் போதும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், செம்மண்ணில் மணல் கலந்து வையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார், இன்னும் ஒரு நிமிடமாம். ஸ்பைடர் லில்லியையும் கிரைனத்தையும் விவரமாகச் சொல்ல நினைத்திருந்தேன். சாலை நடுவில் இரண்டையுமே வைக்கிறார்கள். பூவின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கிண்ணம் இருந்தால் ஸ்பைடர் லில்லி. கிண்ணம் இல்லாமல் மகரந்தக் காம்புகள் தனித்தனியாகச் சிவந்து நின்றால் கிரைனம். கடையில் அமரில்லிஸ் என்று விற்கிற பெரிய சிவப்புப் பூ பெரும்பாலும் ஹிப்பியாஸ்ட்ரம், பூத்தண்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். அதன் கிழங்குக் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நடுங்கள். செங்காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு, சக்கரைவள்ளி, மரவள்ளி வைத்திருக்கிற கூடைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பந்து லில்லி இலையுதிர்ந்து காணாமல் போனால் செத்துவிட்டது என்று தோண்டி எறிந்துவிடாதீர்கள், தண்ணீரை நிறுத்திவிட்டுச் சட்டியை ஓரமாக வைத்துவிடுங்கள். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.