56 மணித்தியாலத்தில் ஜிஆர்இ குவான்ட் 158இல் இருந்து 165 (வைட்போர்ட் கதையும் உண்டு)

வணக்கம் எல்லோருக்கும். வழக்கமாக மொட்டைமாடியில் இருந்துதான் கதைப்பேன், இன்றைக்கு வெள்ளவத்தையில் விடிந்ததில் இருந்தே மழை, அதனால் அறைக்குள் இருக்கிறேன், ஃபேன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜிஆர்இ, அதாவது வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதும் சோதனை, அதன் பெறுபேறு நேற்று வந்துவிட்டது! கணக்குப் பகுதியான குவான்ட் 165, ஆங்கிலப் பகுதியான வேர்பல் 155. குவான்டையும் வேர்பலையும் சோதனை முடிந்த கையோடு திரையிலேயே பார்த்துவிட்டேன், ஆனால் கட்டுரைக்கும் புள்ளி வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். அதுவும் வந்துவிட்டது, 4.

போன தடவை குவான்ட் 158 என்று அழுதபடி போட்ட வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் கீழே பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டு எத்தனை மணித்தியாலம் படிக்கலாம்? கிழமை நாட்களில் விடிய 4.45இல் இருந்து 5.45 வரை ஒரு மணித்தியாலம், சனிக்கிழமை மூன்று, ஞாயிறு ஒன்றுமில்லை. ஏழு கிழமை. கூட்டிப் பாருங்கள், 56 மணித்தியாலம்தான். ரயிலில் கோட்டைக்குப் போகும்போது படிக்கலாமே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். காலை ரயிலில் வெள்ளவத்தையில் ஏறினால் கைபேசியைத் தூக்கவே இடமில்லை, அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

முதல் கிழமை புதிதாக ஒன்றுமே படிக்கவில்லை. ஜிஆர்இயை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்ப்ரெப் மாதிரிச் சோதனை இரண்டு இருக்கிறது, ஒன்றை முதல் சனிக்கிழமை முழுதாகச் செய்தேன், மற்றதை ஆறாவது கிழமை வரை தொடவில்லை. தயவுசெய்து இரண்டையும் ஒரே கிழமையில் முடித்துவிடாதீர்கள். குவான்ட் 27 கேள்வியில் ஒன்பது பிழை. அந்த ஒன்பதையும் ஒரு கொப்பியில் எழுதி, ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். உண்மையாகவே தெரியாதது இரண்டுதான். மூன்று, கேள்வியைப் பிழையாக வாசித்தது. மிச்சம் நாலும் ஒரே வியாதி.

ஒன்றைக் காட்டுகிறேன். இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்வி: எக்ஸ் பூச்சியத்தை விடப் பெரியது, எக்ஸின் வர்க்கம் பெரியதா, எக்ஸ் பெரியதா? நான் 2 போட்டேன், 3 போட்டேன், வர்க்கம்தான் பெரியது என்று அழுத்திவிட்டுப் போய்விட்டேன். 1/2 போட்டால் வர்க்கம் 1/4, சின்னதாகிவிடும். 1 போட்டால் சமம். ஆகவே சரியான விடை, தந்த தகவலை வைத்துச் சொல்லமுடியாது என்பது. சாதாரண தரத்திலேயே படித்த கணக்கு! அன்றில் இருந்து அந்த வகைக் கேள்வி வந்தால் பூச்சியம், ஒன்று, பின்னம், மறை எண், இந்த நாலையும் போட்டுப் பார்க்காமல் விடை அழுத்துவதில்லை (இதில் பூச்சியத்துக்கும் மறைக்கும் வேலையில்லை, எக்ஸ் நேர் எண் என்று கேள்வியே சொல்லிவிட்டது, அதையும் வாசிக்கவேண்டும்). எனக்குக் கூடிய ஏழு புள்ளியில் பெரும்பங்கு இதில்தான் வந்தது என்று அடித்துச் சொல்வேன். ஆனால் ஒரு ரியூஷன் வகுப்பில் 85,000 ரூபாய் கேட்டு, முதல் நாள் 'முக்கோணம் என்றால் என்ன' என்பதில் இருந்து தொடங்கினார்கள். எனக்கு இப்போதும் எரிச்சல் தீரவில்லை.

பொறுங்கள், வைட்போர்ட் கதையைச் சொல்லாமல் போகிறேன். வீட்டில் இருந்து எழுதினால் கடதாசியும் பேனையும் வைத்திருக்க விடமாட்டார்கள். சின்ன வைட்போர்ட் ஒன்று, இல்லாவிட்டால் ஃபைலுக்குள் போடும் கண்ணாடி உறைக்குள் ஒரு வெள்ளைத்தாள், இரண்டுக்கும் அழிக்கக்கூடிய மார்க்கர், முடிவில் அழித்ததை மேற்பார்வையாளருக்குக் கமராவில் காட்டவேண்டும். போன தடவை கடைசி நாளில் காலி வீதியில் ஒரு கடைக்கு ஓடி, இந்த அளவு போர்ட்டை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். போன மாதம் புறக்கோட்டையில் அதே போர்ட், அதே நீல விளிம்பு, பின்னால் அதே ஸ்டிக்கர், 700! கடைக்காரரிடம் இரண்டு தரம் கேட்டேன், "தங்கச்சி, 700தான்" என்கிறார். கடைசியில் எடுத்தது போர்ட்டே இல்லை, 40 ரூபாய் உறை. ஆனால் காசு மட்டும் விஷயமில்லை. கொப்பியில் பேனையால் பழகிய கை, தடித்த மார்க்கரைப் பிடித்ததும் பிசகிவிட்டது, மூன்று வரி எழுத போர்ட் நிறைந்துவிடும், அழித்தால் மேலே எழுதிய எண்ணும் போய்விடும். குவான்டின் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம், ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் நிமிடம்தான், அதில் துடைத்துக்கொண்டு இருக்கமுடியுமா? இந்தத் தடவை ஊசி முனை மார்க்கர் 180 ரூபாய்க்கு வாங்கி, முதல் நாளில் இருந்தே உறையில்தான் கணக்குச் செய்தேன்.

முதல் பகுதி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. அதில் நன்றாகச் செய்தால்தான் இரண்டாவது பகுதி கடினமானதாக வரும், பெரிய புள்ளிக்கு அந்தக் கடினமான பகுதி வேண்டும். பிழை விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். ஒரு பகுதிக்குள் திரும்பிப் போகலாம், ஆகவே இரண்டு நிமிடம் தாண்டியதும் குறியிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். 2023 செப்டம்பரில் சோதனையைச் சுருக்கிவிட்டார்கள், மொத்தமே 1 மணி 58 நிமிடம், நடுவில் இடைவேளை இல்லை, பழைய புத்தகங்களில் இருக்கும் நேரக்கணக்கை நம்பவேண்டாம்.

வேர்பல் 151இல் இருந்து 155, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் சொற்களை அட்டையில் எழுதிப் பாடமாக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, 56 மணித்தியாலத்தில் அது நடக்கவும் நடக்காது. நான் பார்த்தது, தெரிந்த சொல்லின் தெரியாத பொருளை. நகை என்றால் ஆபரணம், சிரிப்பும்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே மாதிரி சாங்ஷன் என்றால் அனுமதியும்தான், தண்டனையும்தான். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது மட்டுமில்லை, சொன்னதற்கு ஒரு வரம்பு போடுவதும்தான். இப்படி எண்பது சொல் சேர்த்தேன்.

கட்டுரைக்குத் தலைப்புகளை ஈடிஎஸ் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள், சனிக்கிழமைக்கு ஒன்று, அரை மணித்தியாலம், அவ்வளவே.

இன்னொன்று, இரண்டு தடவைக்கும் நடுவில் 21 நாள் இடைவெளி கட்டாயம், தடவைக்கு 220 டொலர், நம் காசில் அறுபதாயிரத்துக்கு மேலே. எந்தப் பெறுபேற்றை அனுப்புவது என்பது உங்கள் கையில், எனவே என்னுடைய 158ஐ ஒரு பல்கலைக்கழகமும் பார்க்கப்போவதில்லை. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த நேற்று இரவு அரை மணித்தியாலம் போனது, இப்போது அவருக்கும் சந்தோஷம். கொப்பிப் பக்கங்களை வியாழக்கிழமை வீடியோவில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறேன். 700 ரூபாய் போர்ட் இருக்கும் கடை, புறக்கோட்டையில் எந்தச் சந்து என்பதையும் அதிலேயே சொல்கிறேன்.