பையன் கேட்கும் கேமிங் கம்ப்யூட்டர்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே ரகம். "சார், பையன் கேமிங் பிசி கேட்கிறான். ரெடிமேடாக வாங்கவா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் பண்ணவா? எது லாபம்?" நான் திருப்பி ஒன்று கேட்பேன். அது ஒருநாள் மக்கர் செய்தால், மூடியைத் திறந்து பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா?

பிராண்டட் பெட்டி என்றால் ஒரு நம்பருக்கு போன் செய்தால் போதும், பார்த்துக்கொள்வார்கள். அசெம்பிள் செய்ததில் அப்படி இல்லை. பிராசஸருக்கு ஒரு வாரண்டி, ரேமுக்கு ஒன்று, கேம் படத்தை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு இன்னொன்று. பெரும்பாலும் இவை பிராண்டட் பெட்டிக்குத் தரும் ஒரு வருடத்தைவிட நீளமானவைதான். ஆனால் எது போயிருக்கிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பில்லையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கடையில் "காம்போ ஆபர்" என்று ஒன்று மாட்டியிருப்பார்கள். பிராசஸர் பெயர் பெரிய எழுத்தில், கார்டு பெயர் அதைவிடப் பெரிதாக, உள்ளே கலர் கலராக லைட். எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ், என்ன கம்பெனி என்று கேட்டுப் பாருங்கள். "கேபினட்டோடு ஃப்ரீ சார்" என்பார்கள். அந்த ஃப்ரீதான் வில்லங்கம். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 115 வாட் வரை இழுக்கும். அதற்கு 550 வாட் சப்ளை வைக்கச் சொல்கிறது அதன் கம்பெனியான என்விடியா. ஃப்ரீயாக வரும் டப்பாவில் 500 என்று ஸ்டிக்கர் இருக்கும், ஆனால் அந்தச் சுமையைத் தாங்காது. இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். என் முதல் மெஷினில் இதில்தான் காசு மிச்சம் பிடித்தேன். ஒரு சித்திரை மாத மதியம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். சப்ளை போனது, கூடவே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டும் போனது. வீடு முழுக்க கருகல் வாசனை, அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி.

பிற்பாடு மாற்றிக்கொள்வதில்தான் அசெம்பிள் ஜெயிக்கிறது. 2017-இல் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசஸர் வந்தபோது அதற்காக வாங்கிய ஏஎம்4 ரக மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேரை) அப்டேட் செய்துவிட்டு 2020-இல் வந்த ரைசன் 5000 வரிசையை வைக்க முடிந்தது. போர்டு அதே, ரேம் அதே. பிராண்டட் பெட்டிகள் சிலவற்றில் போர்டும் சப்ளையும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். புது கார்டு வாங்கிவந்தால் உள்ளே நுழையாது, நுழைந்தாலும் அதற்குப் பவர் வயர் இருக்காது.

ஆனால் எப்போதும் அசெம்பிள்தான் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். 2021-இல் கம்ப்யூட்டரை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் கிரிப்டோ மைனிங்காரர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போன சமயத்தில், கார்டுக்காகவே முழு ரெடிமேட் மெஷினை வாங்கியவர்கள் உண்டு. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களால் ரேம் விலை எகிறியது. பெரிய கம்பெனிகள் மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைப்பதால், இப்படிப்பட்ட சமயத்தில் ரெடிமேடே மலிவாக அமைந்துவிடும். அதனால் வாங்கும் வாரத்தில் இரண்டு விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

ஹாஸ்டல் பையனுக்கு லேப்டாப்தான், வேறு வழியில்லை. அதில் கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பவர் குறைவாக இருக்கலாம். எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.

என் கட்சியைக் கேட்டால், பையனுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஆசை இருந்தால் அசெம்பிள். வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கும். பழைய 600 விஏ யூபிஎஸ்ஸையும் நம்ப வேண்டாம். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும்.

எல்லாம் பூட்டி முடித்து, படமும் வந்து, கேம் மட்டும் மாட்டு வண்டியாக ஓடினால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிளை கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பான். போன வாரம்கூட இதற்காக ஒரு வீட்டுக்குப் போய், கேபிளை மாற்றிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன். வணக்கம்.